வணங்குதலும் வணக்குதலும்

அடங்கு என்பது தன்வினை. அடக்கு என்பது பிறவினை. திருந்து, திருத்து என்பனவும் அத்தகையனவே. வணங்கு, வணக்கு என்பனவும் இவ்வரிசையில் அடங்கும். வணங்குதல் தானே வளைதல். வணக்குதல் பிறரை வளையச் செய்தல். இரண்டிற்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. அவ்வேறுபாட்டைப் பினாங்கு மக்கள் ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு தம் உடலால் அறிந்தனர்.

ஜப்பானியர் ஒருவரையொருவர் காணுங்கால் தலைதாழ்த்தி வணங்குவர். இதனை 'ஒஜிகி' என்பர். முதுகு நிமிர்ந்திருக்க, இடுப்பிலிருந்து வளைதல் முறை. ஆடவர் கைகளைப் பக்கவாட்டில் வைப்பர். பெண்டிர் முன்னே சேர்த்துக்கொள்வர். வழியிற் காண்போர்க்கு 15 பாகை அளவு போதும், விருந்தினர்க்கு 30, ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45. வணக்கத்தைக் குறிக்கும் 'ரெய்' என்னும் சொல்லே ஒழுங்குமரபையும் குறிக்கும். பள்ளியில் பாடம் தொடங்குமுன் மாணவர் எழுந்து வணங்குவர், ஆசிரியரும் எதிர்வணங்குவார். ஜூடோ ஆடுவோர் ஆட்டத்தின் முன்னும் பின்னும் வணங்குவர். வென்றவர்க்கும் அதில் விலக்கில்லை. இருவரும் வளைவதே இம்முறையின் உயிர்.

இம்முறை பினாங்கிற்கு வேறு வடிவில் வந்தது. 1941 டிசம்பர் 11 ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் குண்டுகள் வீழ்ந்தன. 19 ஆம் நாள் ஜப்பானியப் படை தீவினுள் நுழைந்தது. மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கேற்ப ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. 1942 ஆம் ஆண்டு ஜப்பானிய முறைப்படி 2602 ஆயிற்று. பள்ளிகளில் நிப்போங்கோ எனப்பட்ட ஜப்பானிய மொழி புகுந்தது. மாணவரும் ஆசிரியரும் பேரரசரின் அரண்மனை இருக்கும் வடகிழக்குத் திசை நோக்கிக் குனிந்தனர், 'கிமிகயோ' பாடினர்.

தெருக்களில் காவல் நின்ற படைவீரனைக் கடப்போர் நின்று குனிதல் வேண்டும். மிதிவண்டியில் செல்வோர் இறங்கிக் குனிதல் வேண்டும். தவறியவர்க்குக் கன்னத்தில் அறை கிடைத்தது. சிலர் வெயிலில் நிறுத்தப்பட்டனர். பெற்ற மக்கள் காண அறைபட்ட தந்தையரும் இருந்தனர். மேலோர் கீழோரைக் கன்னத்தில் அறைவது அப்படையினுள்ளேயே வழக்கமாயிருந்தது. அறைபட்டுப் பழகியவன் பிறரை அறைவதைக் குற்றமாகக் கருதவில்லை. தமிழர்க்கோ துன்பம் அதனோடு நிற்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதையில் மாண்ட தமிழர் பல்லாயிரவர். 1945 செப்டம்பர் 3 ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை வீரர் பினாங்கில் இறங்கினர். அத்துடன் கட்டாயக் குனிதல் ஒழிந்தது.

ஆகவே குற்றம் வணக்கத்தினுடையதா, வணக்கியவருடையதா? ஜப்பானில் வணக்கம் பெற்றவர் வணக்கம் திருப்புவார். காவல் வீரனோ பெற்றுக்கொண்டான், பெரும்பாலும் திருப்பவில்லை. இருவழிப்பட்டது ஒருவழிப்பட்டபோது மரியாதை அச்சமாயிற்று. புற வடிவம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

பின்னாளில் மலேசியா ஜப்பானை வேறு கண்ணோடு நோக்கியது. 1982 இல் வகுக்கப்பட்ட கிழக்கு நோக்கும் கொள்கையின்கீழ் மாணவரும் பயிற்சியாளரும் அந்நாட்டிற்குச் சென்றனர். அங்கே அவர்கள் யாருடைய அறைக்கும் அஞ்சிக் குனியவில்லை. எதிரே நின்றவரும் குனிந்தார்; அதனால் குனிந்தனர்.

வணக்கம் என்னும் நம் சொல்லுக்கும் வளைதல் என்னும் பொருள் உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகளிலும் காலைதோறும் மாணவர் எழுந்து, "வணக்கம் ஐயா" என்கின்றனர். ஆசிரியர் ஏட்டிலிருந்து கண்ணெடுக்காமல் "உட்காருங்கள்" என்பாராயின், அங்கே நிகழ்வது வணக்குதல். அவரும் எழுந்து, மாணவர் முகம் நோக்கிக் கைகூப்புவாராயின், அது வணங்குதல். பிள்ளைகள் இவ்விரண்டின் வேறுபாட்டை இலக்கண வகுப்பிற்கு முன்பே அறிந்துகொள்வர்.