மீன்தலைக் கல்லும் சித்திரை ஊஞ்சலும்

சம்பூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "வருடப்பிறப்புக்குக் கட்டுற ஊஞ்சல் அம்மம்மாவுக்கும் பிடிச்சது, எனக்கும் பிடிக்குது. கண்ணில கருவி மாட்டி விளையாடுறது மட்டும் ரெண்டாந்தரமே அலுத்துப்போகுது. ஏன்?"

விடை காதுக்குள் இருக்கிறது. கொட்டியாரக் குடாவில் பிடிபடும் மீனொன்றின் தலையைக் கவனமாகப் பிளந்தால் மூளையை அடுத்து வெள்ளைக் கற்கள் கிடைக்கும். பன்னாவில் அவை நன்றாகவே பெரிது. அதே கல்சியம் காபனேற்று நம் உட்செவியிலும், கண்ணுக்குத் தெரியாத பளிங்குத் துகள்களாக, உண்டு.

கஜு தூவிய வட்டிலப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கஜுதான் அந்தத் துகள்கள். வட்டிலப்பம், அவற்றைத் தாங்கும் பசைப்படலம். தட்டின் அடியிலிருந்து வட்டிலப்பத்துக்குள் ஈர்க்குகள் குத்திட்டு நிற்பதாக வைப்போம். அவை உணர்மயிர்கள். தட்டைச் சட்டென்று முன்னே இழுத்தால் பாரமான மேற்பகுதி பின்தங்கும், ஈர்க்குகள் வளையும். அந்த வளைவே மூளைக்குப் போகும் சேதி. தட்டு கைநழுவி விழும்போது கஜு வட்டிலப்பத்தை அழுத்தாது. விழுகிறோம் என்று உடல் அறிவதும் இப்படித்தான்.

ஊஞ்சல் இந்த அழுத்தத்தோடுதான் விளையாடுகிறது. நிலைக்குத்திலிருந்து 60 பாகை வரை ஆடினால், உச்சியில் பலகை உங்கள் எடையில் பாதியைத்தான் தாங்கும். அடியில் இரு மடங்கைத் தாங்கும். கயிறு 2 மீற்றரானாலும் 6 மீற்றரானாலும் இந்தக் கணக்கு மாறாது. நீளக் கயிற்றில் அதிக உயரம் இறங்குவதால் வேகம் கூடும். ஆனால் வளைவும் அதற்கேற்ப அகலும். ஒன்றை மற்றொன்று சரியாக ஈடுசெய்துவிடுகிறது. வேகத்தைத் தவிர மாறுவது தாளம் மட்டுமே: குட்டைக் கயிற்றில் போய்வர ஏறக்குறைய 3 வினாடி, நீளக் கயிற்றில் 5 வினாடிக்குச் சற்று மேல். பாதி, இரட்டை, பாதி என்று எடை மாறும் அந்த அலைக்குத்தான் வயிறு கூசுகிறது.

இப்படி உடலைத் தூக்கி இறக்கும் விளையாட்டுகளின் வரலாறு, சுருக்கமாக: 1615இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் மரச் சக்கர ராட்டினத்தில் ஏறியதை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே எழுதிவைத்தார். 1893இல் சிக்காகோவில் ஜோர்ஜ் பெரிஸ் அதை 80 மீற்றர் உயர இரும்பாக்கினார்.

புதுமை என்று விற்கப்படுபவை பெரும்பாலும் கண்ணை மட்டுமே குறிவைக்கின்றன. இங்கிலாந்தின் ஓல்டன் டவர்ஸ் பூங்கா, 2002இல் திறந்த தன் ரோலர் கோஸ்டரில் 2016இல் மெய்நிகர் கண்ணாடியைச் சேர்த்து விண்வெளிப் பயணம் என்று விளம்பரம் செய்தது. சில ஆண்டுகளிலேயே கண்ணாடி போனது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் தெரியும் படத்தின் துல்லியம் ஆண்டுக்காண்டு பழசாகும். உட்செவிக்குப் புது மாதிரி வருவதில்லை. கருவியை மாட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கண் பறக்கிறேன் என்கையில் செவி சும்மா இருக்கிறேன் என்றால் பலருக்கு மிஞ்சுவது குமட்டல்தான்.

ஆகவே சிறுவர் பூங்கா அமைக்க நினைக்கும் பிரதேச சபைகளுக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: திரைக்குப் பணம் தேடுமுன் நல்ல ஊஞ்சல் கட்டுங்கள். 40 கிலோ பிள்ளை 60 பாகை ஆடினால், அடியில் கயிறு 80 கிலோவுக்குரிய பாரத்தைத் தாங்கவேண்டும். இருவர் ஏறினால் 160. கயிற்றையும் கொம்பையும் அதற்கும் பல மடங்கு தாங்கும்படி தெரிவுசெய்யுங்கள், கீழே மணலைத் தடிப்பாகப் பரப்புங்கள்.