சிறுவர்களோடு ஏறத்தக்க மலை

தைப்பூசத்தன்று சிறு குழந்தைகளோடு பத்துமலை ஏறும் பெற்றோரைக் காணுந்தோறும் எனக்கு அச்சமே மேலிடுகிறது. கரும்புத் தொட்டில் நேர்த்திக்கடன் உள்ளவர்கள் ஏறத்தான் வேண்டும். மற்ற அன்பர்கள் சிறுவர்களைச் சாதாரண நாளில், வெயில் ஏறுமுன் அழைத்து வருவதே நன்று. நெரிசலில் அவர்கள் காண்பது முன்னே செல்பவரின் முதுகைத்தான்.

1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைந்த இடத்தில் இன்று 272 சிமெந்துப் படிகள் உள்ளன. 2018இல் வண்ணம் பூசியபின் சிறுவர்கள் நிறம் பார்த்தே ஏறிவிடுகின்றனர். ஆயினும் படிகள் செங்குத்தானவை. ஏறும்போது கைப்பிடியோரமாகக் குழந்தை முன்னும் பெரியவர் பின்னுமாகச் செல்லல் வேண்டும். இறங்கும்போது பெரியவரே முன்னே. தின்பண்டத்தைக் கையில் ஏந்தலாகாது. அடிவாரத்திலேயே என் பேரனின் பிஸ்கட் பொட்டலத்தைக் குரங்கு பறித்துக்கொண்டது.

அழுகையை ஆற்ற, படிகளை எண்ணச் சொன்னேன். அப்போது அவனுக்கு நான்கு வயது. இருபது வரையே தெரியும். இருபது முடிந்ததும் மறுபடி ஒன்று என்பான். நான் விரல் மடக்கிக் கணக்கு வைத்தேன். பதின்மூன்று இருபதுகள் கடந்து, அவன் பன்னிரண்டு என்றபோது குகை வாயிலில் நின்றோம். தூக்க முனைந்தேன். “வேண்டாம் தாத்தா” என்று சொல்லி, முருகன் சந்நிதிக்கு அவனே நடந்தான்.