தண்ணி மேலேயே பள்ளிக்கூடம், மசூதி, பெட்ரோல் பங்க்... புருனேவின் 'கம்போங் அயர்' எப்படி நிக்குது? ஏன் காலியாகுது?

மேட்டூர் அணையில் தண்ணீர் திறப்பு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டினால் போதும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரிக் கரையோரம் இருப்பவர்கள் பாய், பாத்திரம், ரேஷன் கார்டோடு முகாமுக்குக் கிளம்ப வேண்டியதுதான். 'பேசாம வீட்டையே தூண் மேல கட்டிட்டா என்ன?' என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

அப்படியே கட்டி, 500 வருடங்களுக்கும் மேலாக ஆற்றுத் தண்ணீர் மேல் வாழும் ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் தென்கிழக்கு ஆசியாவில், நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. 2024 நவம்பரில் சென்னையில் இருந்து நேரடி விமான சேவையே தொடங்கிய நாடு அது. அந்த ஊர் எப்படி நிற்கிறது, போனால் என்ன பார்க்கலாம், அதே முறை நம்ம ஆற்றுக்குச் சரிப்படுமா? பார்க்கலாம்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

போர்னியோ தீவில் உள்ள குட்டி நாடு புருனே. மொத்த மக்கள் தொகையே சுமார் 4.5 லட்சம்தான். அதன் தலைநகர் பந்தர் செரி பெகாவானில் ஓடும் புருனே ஆற்றின் மேல்தான் கம்போங் அயர் நிற்கிறது. மலாய் மொழியில் கம்போங் என்றால் கிராமம், அயர் என்றால் தண்ணீர். மலேசியத் தமிழர்கள் கிராமத்தைக் 'கம்பம்' என்று சொல்வது இந்தச் சொல்லில் இருந்து வந்ததுதான்.

பெயரில் கிராமம் என்று இருந்தாலும் இது ஒரே கிராமம் இல்லை. பல சிறு கிராமங்கள் மரப் பாலங்களால் இணைந்த கூட்டம். வீடு, பள்ளிக்கூடம், மசூதி, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், படகுகளுக்கு பெட்ரோல் பங்க் என்று எல்லாமே தண்ணீர் மேல்தான்.

எவ்வளவு பழைய ஊர்?

1521-ல் மெகல்லன் குழுவின் கப்பல்கள் இங்கே வந்தன. மெகல்லன் அதற்கு இரண்டு மாதங்களுக்கும் மேல் முன்பே பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டுவிட்டார். கூட வந்த இத்தாலியர் அன்டோனியோ பிகாஃபெட்டா, மன்னர் மற்றும் சில பிரமுகர்களின் வீடுகளைத் தவிர நகரம் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்பதாகவும், 25,000 குடும்பங்கள் இருப்பதாகவும் எழுதி வைத்தார். ஓதம் ஏறும் நேரத்தில் பெண்கள் படகில் வந்து சாமான் விற்றதையும் குறித்திருக்கிறார். அந்தப் படகு வியாபாரப் பெண்களுக்கு 'பாடியான்' என்று பெயர். அகலமான ஓலைத் தொப்பியோடு வருவார்கள். சந்தையும் கடையும் கரைக்குப் போனதும் அவர்களும் மறைந்துவிட்டார்கள்.

இங்கே ஒவ்வொரு கிராமமும் ஒரு தொழிலுக்குப் பேர் போனது. 'பண்டாய் பெசி' என்ற கிராமத்தின் பெயருக்கே இரும்புக் கொல்லர் என்றுதான் அர்த்தம். பித்தளை வார்ப்பு, சரிகை நெசவு, வெள்ளி வேலை எல்லாம் இங்கே வளர்ந்தன. கொலுசுப் பட்டறைச் சத்தம் கேட்டு வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

தண்ணிக்குள்ள மரத் தூண் அழுகாதா?

அழுகும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சேற்றுக்குள் முழுசாகப் புதைந்திருக்கும் பகுதிக்குக் காற்று கிடைக்காது. அதனால் அது மெதுவாகத்தான் கெடும். தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் இருக்கும் பகுதிதான் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து சீக்கிரம் போய்விடும். உப்புத் தண்ணீர் என்பதால் மரத்தைத் துளைக்கும் கடல் உயிரினங்களின் தொல்லையும் உண்டு.

ஆரம்பத்தில் அலையாத்தி மரமும் நிபோங் என்ற பனை வகையும் தூணாக இருந்தன. பிறகு 'பெலியான்' என்ற இரும்பு மரம் வந்தது. தண்ணீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் அது. இப்போது கட்டும் வீடுகளுக்கு கான்கிரீட் தூண்கள்.

தூண்களைச் சேற்றைத் தாண்டி, கெட்டியான மண் கிடைக்கும் வரை இறக்குகிறார்கள். தரைப் பலகை, ஓதம் எவ்வளவு உயரம் ஏறுமோ அதற்கும் மேலே இருக்கும். மேலே கனமில்லாத பலகைச் சுவரும் தகரக் கூரையும். ஒரு தூண் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முக்கியமான விஷயம் இதுதான்: கடல் பக்கத்தில் இருப்பதால் ஆற்றில் தண்ணீர் தினமும் ஏறும், இறங்கும். எவ்வளவு ஏறும் என்று ஊருக்கே தெரியும். அதை வைத்துத்தான் வீட்டின் உயரம்.

அப்புறம் ஏன் காலியாகுது?

1900-களின் தொடக்கத்தில் புருனே மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த ஊரில் இருந்தார்கள். இன்று மிகச் சிறிய பங்குதான். 1906-ல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் நிர்வாகம் வந்த பிறகு, மக்களைக் கரையில் குடியேறச் சொல்லும் முயற்சி தொடங்கியது. 1929-ல் செரியாவில் எண்ணெய் கிடைத்தது. வேலை, அலுவலகம், கார் எல்லாம் கரைக்கு வந்தன. 1950-களில் இருந்து கரையில் நிலம் தந்து குடியேற்றும் திட்டங்களும் வந்தன.

இன்னொரு எதிரி தீ. பலகை வீடுகள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றில் பிடித்தால் வரிசையே போய்விடும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும், தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி இல்லை. எரிந்த இடத்தில் எல்லோரும் திரும்பக் கட்டுவதில்லை. பல குடும்பங்கள் அப்படியே கரைக்குப் போய்விடுகின்றன. பழைய வீடுகளின் கழிவுநீர் நேராக ஆற்றில் விழுவதும், மிதக்கும் குப்பையும் தீராத தலைவலி.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டபோது தண்ணீர் வந்ததால் நம்ம பக்கம் ஊர்கள் காலியாயின. நீர்மட்டம் குறையும்போது பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தி சிலை அதற்குச் சாட்சி. கம்போங் அயரில் கதை தலைகீழ். தண்ணீர் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஜனங்கள்தான் கிளம்புகிறார்கள்.

காவிரிக் கரையில் இதே மாதிரி கட்டலாமா?

அப்படியே காப்பி அடிக்க முடியாது. புருனே ஆறு மெதுவாக ஏறி இறங்கும் கழிமுகம். வெள்ளக் காவிரி வேகமாக ஓடும் ஆறு. மரம், குப்பை எல்லாவற்றையும் இழுத்து வந்து தூணில் மோதும். தூணைச் சுற்றி மணலை அரித்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே இடிந்து விழுந்ததைப் பார்த்தோம். போதாக்குறைக்கு, ஆற்றுப் புறம்போக்கில் வீடு கட்டச் சட்டமும் இடம் தராது.

வெள்ளத்துக்கு ஏற்ற வீட்டை இந்தியாவில் பார்க்க வேண்டும் என்றால் அசாம் போகணும். பிரம்மபுத்திரா கரையில் மிசிங் மக்கள் மூங்கில் கால்கள் மேல் 'சாங் கர்' என்ற வீடு கட்டுகிறார்கள். கனமில்லாத வீடு. ஆறு கரையை அரித்தால் பிரித்து எடுத்து வேறு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அங்கேயும் கணக்கு ஒன்றுதான்: ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்து, அதற்கு ஏற்ற வீடு.

போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

* நகரக் கரையில் இருந்து படகு டாக்ஸியில் சில நிமிடங்களில் அக்கரை போய்விடலாம். ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். புருனே டாலரும் சிங்கப்பூர் டாலரும் சம மதிப்பு. சிங்கப்பூர் நோட்டும் செல்லும்.

* 2009-ல் திறந்த கலாச்சாரக் காட்சிக்கூடத்தை முதலில் பாருங்கள். ஊர்க் கதை அங்கேயே புரிந்துவிடும்.

* வெள்ளிக்கிழமை பகல் 12 முதல் 2 மணி வரை தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும்.

* விமான அட்டவணையும் விசா விதியும் மாறலாம். டிக்கெட் போடும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

* பழைய பாலங்களில் பலகை தளர்ந்திருக்கும். போனைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள்.

* பாலத்தை ஒட்டியே வீட்டு வாசல். துணி காயும், குழந்தைகள் விளையாடும். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். உள்ளே கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

இது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மியூசியம் இல்லை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் படகு பிடிக்கும் ஊர். 500 வருடம் தண்ணீரால் அசையாத இந்த ஊர் இனி நிலைப்பது, அங்கேயே இருக்கிறோம் என்று அடுத்த தலைமுறை சொல்வதில்தான் இருக்கிறது.