அலுமினியத்தின் வீட்டில் ஒளிந்திருக்கும் காலியம்

தனிம வரிசை அட்டவணையின் ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே வரவர அணுவின் ஆரம் கூடும். ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றல் குறையும். மாணவர்களாகிய நீங்கள் இதை மனப்பாடமே செய்திருப்பீர்கள். ஆனால் 13 ஆம் தொகுதியைச் சற்று உற்றுப் பாருங்கள்.

போரான், அலுமினியம், காலியம், இண்டியம், தாலியம் ஆகியவற்றின் முதல் அயனியாக்கும் ஆற்றல், மோலுக்குக் கிலோஜூலில், முறையே 801, 577, 579, 558, 589. படிப்படியாக இறங்கவேண்டிய எண்கள் இருமுறை மேலே ஏறிவிட்டன! ஆரத்திலும் இதே கதைதான். அலுமினிய அணுவின் ஆரம் 143 பிக்கோமீட்டர். அதற்குக் கீழே உள்ள காலியத்துக்கோ 135 தான். ஒரு கூடு அதிகமாக இருந்தும் அணு சிறுத்துவிட்டதே, ஏன்?

அலுமினியத்தின் அணு எண் 13. காலியத்தின் அணு எண் 31. இடையில் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் வருகின்றன. அணுக்கருவில் பத்துப் புரோட்டான்கள் கூடும்போது, உள்கூட்டில் பத்து டி-எலக்ட்ரான்களும் சேர்கின்றன. அணுக்கருவின் கவர்ச்சி வெளி எலக்ட்ரானை முழுமையாக எட்டாதபடி உள் எலக்ட்ரான்கள் மறைக்கின்றன அல்லவா? இந்த மறைப்பில் டி-எலக்ட்ரான்கள் திறமை குறைந்தவை. நெருக்கமாக முடைந்த ஓலைத்தட்டி வெயிலைத் தடுக்கும். இடைவெளி விட்டு முடைந்த தட்டியோ வெயிலை உள்ளே விட்டுவிடும். டி-எலக்ட்ரான்கள் இரண்டாவது வகைத் தட்டி. ஆகவே அணுக்கரு வெளி எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடிக்கிறது, அணு சுருங்குகிறது.

தாலியத்துக்கு முன்னால் 14 எஃப்-எலக்ட்ரான்களும் வந்து சேர்கின்றன. இவை டி-எலக்ட்ரான்களைவிட மோசமான தட்டிகள். அங்கே ஆற்றல் மீண்டும் ஏறியதன் முக்கியக் காரணம் இதுவே.

இது வெறும் தேர்வுக் கணக்கு அன்று. மூன்று எலக்ட்ரான்களை இழந்த அலுமினிய அயனியின் ஆரம் சுமார் 54 பிக்கோமீட்டர். காலிய அயனிக்கு 62. மின்சுமை ஒன்று, அளவும் ஏறக்குறைய ஒன்று. எனவே அலுமினியத் தாதுவான பாக்சைட்டில் அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் காலியம் ஓசையின்றி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு டன் பாக்சைட்டில் சுமார் 50 கிராம் கிடைத்தாலே அதிகம். இண்டிய அயனியின் ஆரம் 80. அதற்கு இங்கே இடமில்லை. அது பெரும்பாலும் துத்தநாகத் தாதுவோடு கிடைக்கிறது.

நம் சேலம் மாவட்டத்து மேட்டூரில், சேர்வராயன் மலைப் பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்த ஆலையில் ஒரு காலத்தில் காலியமும் பிரித்தெடுக்கப்பட்டது. பாக்சைட்டை எரிசோடாக் கரைசலில் கரைக்கும்போது காலியமும் உடன் கரைகிறது. அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் அதில் காலியம் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அதைத்தான் பிரித்தெடுக்கிறார்கள். மேட்டூர் ஆலையின் அலுமினிய உற்பத்தி 2008 இல் நின்றுபோயிற்று.

காலியம் 29.8 டிகிரி செல்சியஸில் உருகும். மே மாதத்துச் சென்னை வெயிலில், மயிலாப்பூர் வீட்டு அலமாரியில் வைத்தாலும் அது சீசாவுக்குள் திரவமாகவே இருக்கும்! எல்.இ.டி. விளக்குகளும் அதிவேக மின்னணுச் சில்லுகளும் காலியச் சேர்மங்களால் ஆனவை. 2023 இல் சீனா இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது பல நாடுகள் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

காலியம் இயற்கையின் விதி எதையும் மீறவில்லை. அணுக்கருவின் கவர்ச்சி, எலக்ட்ரான்களின் மறைப்பு ஆகிய இரண்டும் எங்கும் ஒன்றுதான். நாம் மனப்பாடம் செய்த வாசகம் அவற்றின் சுருக்கம் மட்டுமே. இனி அட்டவணையில் ஓர் எண் முரண்டு பிடித்தால், அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இடையில் எந்த எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள்.