பூம்பாறையும் அதன் பூண்டும்

தீவு என்றவுடன் கடல் சூழ்ந்த நிலமே நினைவுக்கு வரும். ஆயினும், நாற்புறமும் வெப்பமிகுந்த சமவெளி சூழ, நடுவே குளிர்ந்த முடியுடன் நிமிர்ந்து நிற்கும் மலையையும் தீவென்றே அறிவியலார் வழங்குவர். ‘வானத் தீவு’ என்பது அவர் இட்ட பெயர். குளிர்நிலத்துச் செடிகொடிகள் கீழுள்ள வெப்பநிலத்தைக் கடக்கமாட்டாமல் அம்முடியிலேயே தங்கிவிடுகின்றன. பழனிமலைத் தொடர் இத்தகையது. பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்ததாகப் புலவர் கூறுவது இம்மலைநாட்டிலேதான். போர்வையின் அருமை அங்கே ஓரிரவு தங்கினார்க்கு நன்கு விளங்கும்.

பூம்பாறை, கொடைக்கானலுக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்ற விடுமுறையில் யாம் நால்வர் அங்குச் சென்றிருந்தோம். வளைவுச் சாலையிலிருந்து நோக்குவார்க்கு நெருங்கிய வீடுகளும், குழந்தை வேலப்பர் திருக்கோயிலும், சுற்றிலும் படிபடியாகச் செதுக்கிய வயல்களும் தோன்றும். படம் பிடிப்போர் பலர் அவ்விடத்திலேயே நின்று திரும்பிவிடுகின்றனர். வயலில் இறங்கினார்க்கே அவ்வூரின் கவலை புலப்படும்.

பண்டைக் குறிஞ்சி நிலத்தார்க்குத் தினை எத்தகையதோ, அத்தகையது இவர்க்குப் பூண்டு. காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு முதலியனவும் விளைகின்றன; அவற்றுள் பல, பறித்த சில நாட்களுக்குள் விலைபோக வேண்டியவை. பூண்டோ காத்திருக்க வல்லது. தாளோடு கட்டுக்கட்டாய்ப் பிணித்துக் கூரையின்கீழ்த் தொங்கவிட்டுப் புகையூட்டினால் பல திங்கள் கெடாதிருக்கும். ஆதலின் அது இவர்க்குக் கையிருப்புப் பணம் போன்றது.

இம்மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இதனாற் பயன் யாது? 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பொருளின் சிறப்பு அது பிறந்த நிலத்தைப் பற்றியதாயின், பதிவுபெற்ற அந்நிலப்பெயரைப் பிறர் தம் சரக்குக்கு இட்டு விற்றல் குற்றமாம். பதிவு பத்தாண்டு செல்லும். பின் புதுப்பித்தல் வேண்டும். குறியீட்டைத் தம் மூட்டையில் பொறிக்க விரும்பும் உழவரும் தம் பெயரைத் தனியே பதிந்துகொள்ளல் வேண்டும். ஆகவே சட்டம் காப்பது பெயரை, விலையை அன்று. மலையினின்று இறங்கி வடுகபட்டிச் சந்தையை அடைந்த மூட்டைக்கு அன்றைய வரத்தே விலை கூறும். குறியீடு கிடைத்ததனாலேயே உழவர் வாழ்வு உயர்ந்துவிட்டதென எழுதுவார் கூற்றை யாம் ஒப்பமாட்டோம்.

விதையைப் பற்றிய செய்தியே எமக்குப் பெரிதாகத் தோன்றிற்று. பூண்டு நெல்லைப்போல் மணிவிதையால் பெருகுவதன்று. பல்லை நட்டே செடியைப் பெறவேண்டும். எனவே ஒவ்வொரு செடியும் தன் தாயின் மறுபடியே. சிங்கப்பூர்ப் பூண்டு, மேட்டுப்பாளையம் பூண்டு என அங்கு வழங்கும் இரு வகையும் தவறாது நடப்படுவதனாலேயே அங்கு நிலைத்திருக்கின்றன. விலை ஏறும்போது விதைக்கென வைத்ததையும் விற்கத் தோன்றும். விலை வீழும்போது கடனுக்காக விற்க நேரும். யாம் சென்ற வீடொன்றில் அடுப்புக்கு மேல் தொங்கிய கட்டுகளைக் காட்டி, “பாட்டி, இதை என்ன விலைக்குத் தருவீர்கள்?” என்று எம்முள் ஒருவர் கேட்டார். “அது விக்கிறதுக்கு இல்லை, தம்பி. அடுத்த போகத்துக்கு நடணும். திங்கிறதுக்கு வேணும்னா கூடையில இருக்கிறதை எடுத்துக்கோங்க” என்றார் அம்மூதாட்டி. கேட்ட நண்பர் நாணினார். அவர் கேளாதிருப்பின் யாம் கேட்டிருப்போம் என்பதே உண்மை.

மண்ணுக்கும் இப்பயிரால் நன்மையுண்டு. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது; பின்னர்க் கொடைக்கானல் மலைகளிலும் காணப்பட்டது. பெண்புழு இறந்தபின் அதன் உடலே தடித்த கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் மண்ணில் காக்கும். உருளைக்கிழங்கின் வேர் கசியும் நீர் பட்டவுடன் குஞ்சுகள் மிகுதியாய் வெளிவரும். அந்நிலத்தில் பூண்டோ காரட்டோ பீன்ஸோ மாற்றிப் பயிரிட்டால், வெளிவந்தவை இரையின்றி மாயும்; ஆண்டுதோறும் அவற்றின் தொகை குறையும்.

ஒரே பயிரை நம்பிய தீவின் கதையை உலகம் அறியும். அமெரிக்க மிஷனெரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பிய 1845-ஆம் ஆண்டிலேயே, அயர்லாந்தில் உருளைக்கிழங்குக் கருகல் நோய் தோன்றியது. ஏழை மக்கள் பெரும்பாலும் ‘லம்பர்’ என்னும் ஒரே வகையை நட்டிருந்தனர். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் கப்பலேறி அகன்றனர். அப்பஞ்சத்திலும் தானியம் அத்தீவிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டேயிருந்தது. கொன்றது நோய் மட்டுமன்று.

பழனிமலையின் கீழ்ப்பகுதியிலும் இதனையொத்த இடர் நேர்ந்து, ஓரளவு தீர்ந்ததுண்டு. காப்பித் தோட்டங்களினிடையே வளர்ந்த விருப்பாட்சி வாழையை 1970-களில் முடிக்கொத்து நோய் பற்றிக்கொண்டது. இந்நோய் கண்ட மரத்தின் இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாய் நெருங்கும், குலை தள்ளாது. அசுவினி என்னும் சிறுபூச்சி நச்சுயிரியைப் பரப்பும். நோயுற்ற மரத்தின் கன்றை நட்டால் நோயும் உடன் நடப்படும். 18,000 ஹெக்டேராயிருந்த வாழைப்பரப்பு 2,000 ஹெக்டேராகச் சுருங்கிற்று என்பர். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன வாழை அது! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நோயற்ற மரங்களைச் சோதித்தறிந்து, திசு வளர்ப்பு முறையால் கன்றுகளைப் பெருக்கினர். நோயுற்ற மரங்களை வேரோடு அகற்றுதலும் உடன் வேண்டியதாயிற்று. அவற்றை நிற்கவிட்டுப் புதுக்கன்று நட்டால், அசுவினி அதனையும் கெடுத்துவிடும்.

பூண்டுக்கும் நச்சுயிரிகள் உண்டு; பல்லின் வழியே தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே வரும். ஆதலின் பூம்பாறைக்கு உதவ விரும்புவோர் வெளியூர் விதையைக் கொணர்வதினும், அவ்வூர்ப் பூண்டையே நோய்நீக்கிப் பெருக்கி அவ்வூரார் கையிலேயே தருவது நன்று. பாதையும் கருதத்தக்கது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரைகடந்த கஜா புயல் இம்மலையிலும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. அத்தகைய நாளில் பறித்த காரட் வண்டியிலேயே வாடும். அடுப்பின்மேல் தொங்கும் பூண்டுக்குக் கேடில்லை.

தினைப்புனத்தில் கிளியோட்டிய மகளிரைப் பாட்டில் படித்திருந்த யாம், திரும்பிய மாலையில், காரட் வயலோரத்துப் பரணில் முதியவர் ஒருவர் கம்பளி போர்த்துக் காட்டுப்பன்றிக்குக் காவலாக ஏறியமர்வதைக் கண்டோம். விடியும்வரை அவர் அங்கேயே இருப்பாராம்.