ஆங்கில உயர்தரப் பாடசாலையின் தோற்றமும் வளர்ச்சியும்: தலைமன்னார்த் துறையினின்று ஒரு நோக்கு

தலைமன்னார் ஒரு கல்வி நகரமன்று. அது ஒரு துறை. மன்னார்த் தீவின் வடமேற்கு முனையிலே, இராமர் அணையின் மணற்றிட்டுகள் தொடங்குமிடத்தில் அமைந்த அவ்வூரை, ஈழத்துக் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆயினும், இலங்கைத் தமிழர் ஆங்கிலக் கல்வியை நாடிச் சென்ற பாதைகளுள் மிக முக்கியமான ஒன்று அத்துறை வழியாகவே சென்றது. 1914ஆம் ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதப் பாதை அமைந்தது. அதே ஆண்டிற் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டுத் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே நீராவிக் கப்பற் சேவையும் தொடங்கிற்று. அன்றுமுதல், இந்தியாவிற் பட்டப்படிப்பை நாடிய மாணாக்கர் பலர் பெட்டியும் படுக்கையுமாக அத்துறையிற் கப்பலேறினர். ஆகவே, ஆங்கில உயர்தரப் பாடசாலை என்னும் நிறுவனம் யாருக்கு வாயிலாயிற்று, யாருக்கு மதிலாயிற்று என்பதை ஆராய்தற்குத் தலைமன்னாரினும் பொருத்தமான நோக்கிடம் வேறில்லை எனலாம்.

ஆங்கில உயர்தரப் பாடசாலை இந்நாட்டில் இயல்பாக முளைத்ததன்று. சமயத் தொண்டும் அரசாங்கத் தேவையும் சேர்ந்து அதனைத் தோற்றுவித்தன. 1814இல் வெஸ்லியன் மிஷனாரும் 1816இல் அமெரிக்க மிஷனாரும் இலங்கையிற் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நிறுவிய செமினரி, கணிதம், வானசாத்திரம், தத்துவம் முதலியவற்றோடு தமிழையும் ஆழமாகக் கற்பித்தது. 1833இல் கோல்புறூக், கமறன் ஆகியோரின் விதப்புரைகள் நடைமுறைக்கு வரவே, ஆங்கிலம் நிருவாக மொழியாக வலுப்பெற்றது. ஆங்கிலம் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகங்களின் கதவும் சிறிது திறந்தது. அன்றுமுதல் ஆங்கிலப் பாடசாலை அறிவைத் தருமிடமாக மாத்திரமன்றிச் சம்பளத்தைத் தருமிடமாகவும் மக்களால் நோக்கப்பட்டது. அதன் பெருமைக்கும் குறைபாட்டுக்கும் மூலகாரணம் இதுவேயாகும்.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணாக்கரை உத்தியோகத்தின்பால் இழுக்கின்றதேயன்றி மிஷனின் நோக்கத்தை நிறைவேற்றவில்லை என்ற எண்ணம் அம்மூடுதலுக்கு ஒரு காரணமாயிற்று. ஆனால் விதைத்தவர் ஒன்றை எண்ண, விளைந்தது வேறொன்றாயிற்று. அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். அப்பொழுது தலைமன்னாரிற் புகையிரதமும் இல்லை. கப்பற் சேவையும் இல்லை. ஆயினும் பட்டம் பெறுவதற்குக் கடல் கடத்தல் வேண்டும் என்னும் வழக்கு அவர்கள் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. பின்னர்ப் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றும் பெரும்பணியைச் செய்தவருள் தாமோதரம்பிள்ளையும் ஒருவர் என்பதை நோக்குமிடத்து, நல்ல ஆங்கிலப் பாடசாலை தாய்மொழியைக் கொல்லுவதன்று என்பது தெளிவாம்.

சைவ மக்களின் நிலை வேறாயிருந்தது. ஆங்கிலம் கற்க விரும்பிய சைவப்பிள்ளை மிஷன் பாடசாலைக்கே செல்லவேண்டியிருந்தான். இதற்கு மாற்றுக் காண முயன்றவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தமிழ்க் கல்விக்கு அடிகோலிய அவர், 1872இல் அங்கேயே ஓர் ஆங்கிலப் பாடசாலையையும் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மன்னார்ப் பெருநிலத்தின் மாதோட்டத்தில் மண்மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்டல் வேண்டுமென்றும் அவர் சைவ மக்களுக்கு எடுத்துரைத்தார். பள்ளியும் கோயிலும் அவர் உள்ளத்தில் ஒரே பணியின் இரு கூறுகளாய் இருந்தன. ஆனால் ஆங்கிலப் பாடசாலை சில ஆண்டுகளே நடைபெற்றுப் பொருளின்மையால் நின்றுவிட்டது.

அது நின்றமைக்கான காரணத்தை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். 1869இல் வித்தியாபகுதி ஏற்படுத்தப்பட்டது. அதனையடுத்து உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. அம்முறைப்படி, ஒரு பாடசாலை முதலிற் கட்டடமும் தளபாடமும் ஆசிரியரும் தன் செலவில் அமைத்தல் வேண்டும். அதன்பின் மாணாக்கர் வரவையும் பரீட்சகர் முன்னிலையிலே அவர்கள் காட்டும் தேர்ச்சியையும் கொண்டு அரசினர் பணம் வழங்குவர். அஃதாவது, முதலுள்ளவருக்கே உதவி கிடைக்கும். வெளிநாட்டுச் சபைகளின் பொருட்பலம் பெற்ற மிஷன்கள் இச்சோதனையில் எளிதில் வென்றன. பிடியரிசியாலும் தனியார் கொடையாலும் நடந்த சைவப் பாடசாலை தளர்ந்தது. தமிழ்ப் பாடசாலையிலும் ஆங்கிலப் பாடசாலைக்குச் செலவு பன்மடங்காதலின், முதலில் வீழ்ந்தது அதுவேயாயிற்று.

நாவலர் 1879இற் சிவபதமடைந்தபோது நிறைவேறாதிருந்த அவ்வெண்ணத்தைப் பிந்திய தலைமுறையினர் வேறு வழியில் நிறைவேற்றினர். தனிமனிதர் ஒருவரின் கைப்பொருளை நம்பாது ஒரு சபையை அமைத்தலே அவ்வழி. 1888இல் யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தோன்றியது. அடுத்த ஆண்டில் 'இந்து சாதனம்' பத்திரிகை வெளிவந்தது. யாழ்ப்பாணப் பெருந்தெருவிலே வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை தொடங்கியிருந்த ஓர் ஆங்கிலப் பாடசாலை வண்ணார்பண்ணைக்கு மாற்றப்பட்டு, 1890இற் சபையின் பொறுப்பில் இந்து உயர்தரப் பாடசாலை ஆயிற்று. சில ஆண்டுகளில் அது கல்கத்தாச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பெற்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. சபை, பத்திரிகை, பாடசாலை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. சபை பொருள் திரட்டிற்று. பத்திரிகை ஊரை எழுப்பிற்று. பாடசாலை அவ்விரண்டுக்கும் ஆட்களைத் தந்தது. வட்டுக்கோட்டை, கொக்குவில், உரும்பிராய், சாவகச்சேரி ஆகிய ஊர்களின் இந்துப் பாடசாலைகளும் அதன் நிழலில் வளர்ந்தன.

பரீட்சைகளைப் பற்றியும் ஒரு சிறிது கூறுதல் வேண்டும். அக்காலத்து ஆங்கிலப் பாடசாலையின் உயிர்நாடி கேம்பிறிட்ஜ் கனிஷ்ட, சிரேஷ்ட பரீட்சைகளும், இலண்டன் மற்றிக்குலேஷன் பரீட்சையுமாகும். வினாத்தாள் கடல்கடந்து வரும். விடைத்தாள் கடல்கடந்து போகும். மாணாக்கன் தேம்ஸ் நதியின் போக்கை அறிவான்; அருவி ஆறு மன்னாரிற் கடலோடு சேருமிடத்தை அறியான். 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்ட பின்னரும் அங்குக் கற்றோர் எழுதியது இலண்டன் வெளிவாரிப் பட்டப் பரீட்சையே. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே பட்டம் வழங்கும் அதிகாரம் இந்நாட்டுக்கு வந்தது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும், அதன் முன்னணியில் நின்ற ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகமும், தாய்மொழி வாயிலாகக் கல்வி வேண்டுமென வற்புறுத்தியமை இப்பின்னணியில் வைத்து நோக்கற்பாலது. ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்பித்தோரே அப்பாடசாலைகளின் குறையை முதலில் எடுத்துரைத்தனர் என்பது அவற்றுக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று.

இனி மன்னார்க் கரையை நோக்குவோம். உதவி நன்கொடை முறை குடிசெறிந்த இடத்துக்கே ஏற்றது. நூறு பிள்ளைகள் நடைதூரத்தில் வாழும் குடாநாட்டுக் கிராமத்திற் பாடசாலை எளிதில் நிலைபெறும். மணலும் பனையும் உடைமுள்ளும் நிறைந்த மன்னார்த் தீவிலும், குளங்களை நம்பிப் பரந்து கிடந்த பெருநிலக் கிராமங்களிலும் அது அரிது. மீன்பிடித் தொழில் காற்றைப் பின்பற்றுவது. காற்று மாறும்போது குடும்பமும் வாடியை மாற்றும். வரவேட்டிற் பெயர் குறைந்தால் நன்கொடையும் குறையும். ஆகையால் மன்னாரிலே பாடசாலை நிறுவுவதிற் கத்தோலிக்கத் திருச்சபையே முன்னின்றது. நகரிலுள்ள புனித சவேரியார் கல்லூரிகள் அப்பணியின் பயன்களாகும். சித்திவிநாயகர் இந்துக் கல்லூரி சைவ மக்களின் முயற்சியைக் காட்டுகின்றது. ஆனால் இவை நகரிலுள்ளவை. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரம் 25 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்திலுள்ளது. பிற ஊர்களின் மாணாக்கரைச் சர்வகலாசாலைக்கு ஏற்றிச் சென்ற புகையிரதம், தண்டவாளத்தின் ஓரத்தில் நின்ற அவ்வூர்ப் பிள்ளைக்கு வேடிக்கைப் பொருளாகவே கடந்து சென்றது எனின் அது மிகையாகாது.

இவ்வேற்றத்தாழ்வை நேராக எதிர்த்த முதற்சட்டம் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்தது. 1943இல் அவர் தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒற்றோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் கட்டியோர்க்கே உரியதாயிருந்த உயர்தரக் கல்வி, கட்டணமின்றிக் கிடைக்கலாயிற்று. கிராமப் புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் அமைந்த மத்திய கல்லூரி அவ்வகையைச் சேர்ந்தது. படிப்படியாகத் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. ஆங்கில உயர்தரப் பாடசாலை என்னும் தனிச்சாதி அத்துடன் மறைந்தது.

ஆயினும் தூரம் மறையவில்லை. 1970களிற் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, மொழிவாரியான அம்முறை தமிழ் மாணாக்கருக்குப் பேரிடியாக விழுந்தது. பின்பு மாவட்ட அடிப்படை சேர்க்கப்பட்டபோது, மன்னார் முதலிய பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலருக்கு அதுவே முதல் வாயிலுமாயிற்று. ஒரே சட்டம் ஒருவர்க்கு மதிலும் மற்றொருவர்க்குப் படியுமாயமைந்த இக்கசப்பான உண்மையை மறைத்து வரலாறு எழுதலாகாது. அநீதியை அநீதியென்று கூறும்போதே, குடாநாட்டுக்கு வெளியேயிருந்த தமிழ்ப் பிள்ளையின் நெடுநாட் குறையையும் கூறுதல் நேர்மையாகும்.

துறையும் தன் வாழ்வை இழந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்பு இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. போரினாற் புகையிரதமும் நின்றது. 1990இல் வடமாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி வெறிச்சோடியது. 2015இலேயே தலைமன்னார் இறங்குதுறைக்குப் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிற்று.

இதற்கிடையில் ஆங்கிலம் மறுபடியும் வகுப்பறைக்குள் வந்தது. 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலும் அடுத்த ஆண்டில் ஆறாந் தரத்திலும் ஆங்கிலமூலக் கல்விக்கு இடமளிக்கப்பட்டது. அது அன்றுபோலவே ஆசிரியர் உள்ள இடத்தைத் தேடியே செல்லும். நகரப் பாடசாலைக்கு ஆசிரியர் கிடைப்பர். கரையோரப் பாடசாலைக்குக் கிடைத்தல் அரிது. 1870களின் நன்கொடை முறை செய்ததை இன்று ஆசிரியர் பங்கீடு செய்துவிடக்கூடும். உள்ளவனுக்கே கொடுக்கும் முறை எப்பெயரால் வரினும் அதன் பயன் ஒன்றே.

ஆங்கில உயர்தரப் பாடசாலையின் வரலாறு தரும் படிப்பினைகள் இரண்டு. தாய்மொழியில் வேரூன்றிய பின் கற்கப்படும் ஆங்கிலம் மாணாக்கனைத் தன் மக்களிடமே மீட்டுக்கொண்டு வரும் என்பது ஒன்று; தாமோதரம்பிள்ளை அதற்குச் சான்று. பாடசாலையைத் தாங்குவது ஊரார் ஒருங்கு கூடிய முயற்சியும், வலியற்ற இடத்துக்கு முதலில் உதவும் அரசும் என்பது மற்றொன்று. 1872இல் தொடங்கிப் பின் வீழ்ந்த பாடசாலையும் 1890இல் நிலைத்த பாடசாலையும் அதற்குச் சான்று. தலைமன்னார்ப் பிள்ளை தன் ஊரிலேயே நல்லாசிரியரிடம் இரு மொழியையும் செவ்வனே கற்கும் நாளிலேதான், நாவலர் தொடங்கி நிறைவேறாது விட்ட பணி நிறைவெய்தியதாகும்.