அத்தியும் குளவியும்

கிடைத்தற்கரிய ஒன்று கிட்டும்போது, ‘அத்தி பூத்தாற்போல’ என்று கூறுவது தமிழ் மக்களின் வழக்கம். அத்தி மரம் பூத்து நிற்பதை எவரும் கண்டதில்லை. பூவாமலே காய்க்கும் மரங்கள் எனக் கருதப்பட்டவற்றிற்குக் ‘கோளி’ என்னும் பெயரும் நம் மொழியில் உண்டு. ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்பது மற்றொரு பழமொழி. புறத்தே பொலிவும் அகத்தே குற்றமும் உடையவரைச் சுட்ட அது பயன்படுகிறது. அத்தியின் பூ கண்ணுக்குப் புலப்படாமையும், அதன் பழத்தினுள் பூச்சி காணப்படுவதும் ஒன்றோடொன்று தொடர்புடைய செய்திகளே. பழிக்கப்படும் அப்பூச்சிகளுள் மரத்தின் உயிர்த்துணையான குளவியும் உண்டு.

அத்திக்காய் என்று நாம் கூறுவது, உண்மையில் ஒரு காய் அன்று. உட்புறமாகக் குவிந்த பூங்கொத்தே ஆகும். அதன் சதைப்பற்றுள்ள சுவரின் உட்புறத்தில் மிகச் சிறிய பூக்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. நுனியில் ஒரு நுண்ணிய வாயில் உண்டு. அதனையும் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அடைத்துக்கொண்டிருக்கும். காற்று அதனுள் மகரந்தத்தைக் கொண்டுசெல்ல இயலாது. தேனீயும் வண்டும் நுழைய முடியாது. உள்ளிருக்கும் பெண் பூக்கள் முதலில் பக்குவம் அடைகின்றன. ஆண் பூக்களோ பல நாள் கழித்தே மலர்கின்றன. எனவே, ஒரு காயின் மகரந்தம் அதே காய்க்குப் பயன்படுவதில்லை. மகரந்தம் வேறொரு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். அதனைக் கொண்டு வருவது, எள்ளினும் சிறிய ஒரு குளவி.

பெண் குளவி மணத்தால் ஈர்க்கப்பட்டுக் காயை அடைகிறது. செதில்களுக்கிடையே தன் உடலை நெருக்கிக்கொண்டு உள்ளே புகுகிறது. அம்முயற்சியில் அதன் சிறகுகள் ஒடிந்து விழுகின்றன. மீண்டும் பறப்பது அதற்கில்லை. நம் நாட்டு அத்தியை நாடிவரும் குளவியின் மார்பில் சிறு பைகள் உண்டு. அவற்றில் சேர்த்துக் கொணர்ந்த மகரந்தத்தை அது பூக்களின்மேல் இடுகிறது. பின்னர்ச் சில பூக்களின் சூலகத்தில் முட்டையிட்டு, அங்கேயே உயிர் துறக்கிறது. முட்டை பெற்ற பூக்கள் குளவிக் குஞ்சுகளுக்குத் தொட்டிலும் உணவும் ஆகின்றன. ஏனைய பூக்கள் விதையாக முதிர்கின்றன.

சில வாரங்கள் செல்லுகின்றன. முதலில் வெளிப்படும் ஆண் குளவிகளுக்குச் சிறகுகள் இல்லை. அவை பெண் குளவிகளுடன் கூடியபின், காயின் சுவரைக் குடைந்து வழி அமைக்கின்றன. தாம் அமைத்த வழியால் பறந்து செல்லும் பேறு அவற்றிற்கு இல்லை. விரைவில் அவை மடிகின்றன. அதே காலத்தில் ஆண் பூக்கள் மலர்ந்திருக்கும். பெண் குளவிகள் மகரந்தத்தைத் திரட்டிக்கொண்டு, அவ்வழியே வெளியேறி, வேறொரு மரத்தைத் தேடிப் புறப்படுகின்றன.

இவ்வுறவின் இன்றியமையாமையை அமெரிக்க உழவர் சிலர் பெரும் இழப்பின் வாயிலாக அறிந்தனர். துருக்கியிலுள்ள ஸ்மர்னா நகரத்துச் சீமை அத்தி உலகப் புகழ் பெற்றது. அதன் கன்றுகள் 1880ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் கலிபோர்னியாவிற்குக் கொண்டுவரப்பட்டன. மரங்கள் தழைத்து வளர்ந்தன. ஆனால், பிஞ்சுகளோ முதிராமல் உதிர்ந்தன. துருக்கி உழவர் காட்டு அத்தியின் காய்களைப் பறித்துத் தோட்ட மரங்களில் தொங்கவிடுவர். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயினும், கலிபோர்னியாவில் பலர் அதனை மூடநம்பிக்கை என்று எள்ளினர். பரம்பரை அறிவை ஆராயாது இகழ்வதும் ஒருவகை மூடநம்பிக்கையே அன்றோ? பிரெஸ்னோ நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ரோடிங் என்பவர் சில பிஞ்சுகளுள் மகரந்தத்தைத் தம் கையாலேயே செலுத்திப் பார்த்தார். அவை முதிர்ந்து பழுத்தன. ஆனால், தோட்டம் முழுவதற்கும் அவ்வாறு செய்வது எளிதா? இறுதியில், 1899ஆம் ஆண்டில், வால்டர் சுவிங்கிள் என்னும் அறிஞர் அல்ஜீரியாவிலிருந்து குளவிகள் குடியிருந்த காட்டு அத்திக் காய்களை அனுப்பினார். குளவிகள் பிரெஸ்னோவில் நிலைபெற்றன. மரங்களும் பயன் தரத் தொடங்கின.

உயிர்களின் வாழ்க்கைப் போராட்டத்தைச் சார்லஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதனைச் சிலர், ஒன்றை ஒன்று அழிப்பதே இயற்கை என்று பொருள் கொண்டனர். சைபீரியாவில் விலங்குகளின் வாழ்க்கையை நேரில் கண்ட ருசிய அறிஞர் குரோபோட்கின் இதனை மறுத்தார். ஒன்றுக்கொன்று உதவும் உயிர்களே பெரிதும் தழைக்கின்றன என்று 1902ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். அத்தியும் குளவியும் அவர் கூற்றுக்குச் சான்றாகின்றன. ஆனால், இவ்வுதவியை அன்பின் செயல் என்று கருதிவிடலாகாது. குளவி நாடுவது தன் குஞ்சுகளின் நலம். மரம் நாடுவது தன் விதைகளின் பெருக்கம். மகரந்தம் கொணராமல் முட்டை மட்டும் இட்டுவிட்டால் என்ன ஆகும்? பனாமா நாட்டில் ஆராய்ந்த அறிஞர் இருவர் 2010ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். அத்தகைய காய்களை அங்குள்ள அத்தியினங்கள் சில பிஞ்சிலேயே உதிர்த்துவிடுகின்றன. அவற்றோடு குஞ்சுகளும் அழிகின்றன. கடமை தவறிய கூட்டாளியை மரம் தண்டிக்கிறது என்றே கூறலாம். இத்தகைய கட்டுப்பாடும் இருப்பதனால்தான் இவ்வுறவு ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளாகக் குலையாமல் நீடித்திருக்கிறது.

ஆல், அரசு, இச்சி, அத்தி என இக்குடும்பத்தில் 750க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வோர் இனத்திற்கும் அதற்கே உரிய குளவி உண்டு. வெளிவந்த பெண் குளவியின் வாழ்நாளோ ஓரிரு நாளே. நமீபியா நாட்டின் வறண்ட நிலத்தில், அது காற்றின் துணைகொண்டு 160 கிலோமீட்டர் தொலைவு வரையும் செல்லுவதாக அறிஞர் கண்டறிந்துள்ளனர். இத்துணைக் குறுகிய வாழ்நாளுக்குள் அது பக்குவமான காயை அடைந்தாக வேண்டும். ஆகவே, எந்தத் திங்களிலும் அவ்வினத்து மரங்களுள் ஏதேனும் ஒன்று காய்த்து நிற்றல் வேண்டும். இதனாலன்றோ, மற்ற மரங்கள் பழமின்றி வெறுமையாக நிற்கும் காலத்திலும் ஆலும் அத்தியும் பழுக்கின்றன!

இத்தொடர் அறுபடுவதும் உண்டு. போர்னியோத் தீவிலுள்ள லம்பிர் குன்றுகளில் 1998ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கடும் வறட்சி நேர்ந்தது. அத்தியினங்கள் பல காய்களைத் தோற்றுவிக்கவில்லை. சில நாள் வாழும் குளவிகளால் மழை வரும்வரை காத்திருக்க இயலுமா? அவை அப்பகுதியினின்றும் அற்றுப்போயின. பின்னர் மழை பெய்தது, மரங்கள் காய்த்தன, அவற்றினுள் நுழையக் குளவிகள் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சோலைமந்தியும், மரநாயும், பழந்தின்னி வௌவாலும் அத்தி இனத்துப் பழங்களை உண்டு, விதைகளைத் தொலைதூரம் பரப்புகின்றன. அங்கு வாழும் இருவாட்சிப் பறவையின் பேடு, அடைகாக்கும் காலத்தில் மரப்பொந்தினுள் புகுந்து, சிறு துளை ஒன்றே எஞ்சுமாறு வாயிலை அடைத்துக்கொள்ளும். பல வாரங்கள் அது வெளியே வருவதில்லை. அந்நாள்களில் ஆண் பறவை பழங்களைத் தொண்டையில் சேர்த்துக் கொணர்ந்து, ஒவ்வொன்றாக அத்துளையின் வழியே பேட்டுக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். அவ்வாறு அது ஊட்டும் பழங்களுள் மிகுதியானவை அத்தி இனத்துப் பழங்களே.